பந்து கையில் இல்லாதபோது

போன தேங்க்ஸ்கிவிங் (நவம்பரில் வரும் அமெரிக்க விடுமுறை நாள்) மாலை, பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் கராஜின் சிமெண்ட் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டார். வயது 78. "இப்படித்தான் விழுவார்" என்றார், முகத்தைத் தரையில் வைத்தபடியே. "இப்போது எழுந்திருப்பதைப் பாருங்கள்." ஒரு கையை ஊன்றினார். கொஞ்சம் யோசித்தார். ஒரு முழங்காலை மடக்கினார். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஒருவழியாக எழுந்து, இடுப்பு பிடித்துக்கொண்டவர் போல நாலு அடி நடந்தார். "ஜிம் பிரவுன்! ஒவ்வொரு தடவையும் இதே மாதிரிதான் எழுந்திருப்பார். அடிபட்டிருக்கிறதா இல்லையா என்று எதிரணிக்குக் கடைசிவரை தெரியாது. தெரிந்துகொள்வதற்குள் அடுத்த தடவை பந்தை வாங்கிக்கொண்டு மூன்று பேரை இழுத்துக்கொண்டு போவார்."

"அப்பா, இவர் நடிக்கிறாரா, நிஜமாவே எழுந்திருக்க முடியலையா?" என்று என் மகன் காதோரம் கேட்டான். எனக்கும் அதே சந்தேகம்தான்.

ஏழெட்டு வருடமாக இந்தச் சண்டை நடக்கிறது. அமெரிக்கன் ஃபுட்பாலில் எல்லாக் காலத்துக்குமான பெரிய ரன்னிங் பேக் யார்? டெட்ராய்ட் லயன்ஸ் அணி 1934இலிருந்து தேங்க்ஸ்கிவிங் அன்று ஆடுகிறது. எங்கள் தெருவில் அந்த ஆட்டம் முடிந்ததும் பெரியவரின் கராஜ் கதவு திறக்கும். மடக்கு நாற்காலிகள் வெளியே வரும். அவர், நான், ஊருக்கு வந்திருக்கும் என் மகன் என்று மூன்று பேரும் ஆளுக்கொரு பெயரைப் பிடித்துக்கொள்வோம்.

இந்த ஆட்டம் பார்க்காதவர்களுக்கு இரண்டு வரி. குவார்ட்டர்பேக் பந்தை ஒன்று எறிவார், இல்லையென்றால் பக்கத்தில் நிற்கிறவரின் வயிற்றில் திணிப்பார். அப்படி வாங்கிக்கொண்டு, எதிரே நிற்கும் 11 பேருக்குள் புகுந்து ஓடுகிறவர்தான் ரன்னிங் பேக். நாலு யார்டு போனாலே நல்ல ஓட்டம். (கெஜம் என்று எழுதலாம்தான். எழுதினால் எனக்குத் துணி அளக்கிற நினைப்பு வந்துவிடுகிறது. யார்டு என்றே இருக்கட்டும்.)

பெரியவர் கிளீவ்லண்டில் பிறந்து வளர்ந்தவர், பிற்பாடு கார் கம்பெனி வேலைக்காக மிச்சிகன் வந்தவர். அவருக்கு இதில் விவாதமே கிடையாது. 1957 முதல் 1965 வரை கிளீவ்லண்டுக்காக பிரவுன் ஆடியது 9 சீசன், 118 ஆட்டம். ஒரு ஆட்டத்தைக்கூடத் தவறவிடவில்லை. அந்த 9 சீசனில் 8 தடவை லீக்கிலேயே அதிக யார்டு ஓடியவர் அவர். மொத்தம் 12,312 யார்டு, ஆட்டத்துக்கு 104.3. வாழ்நாள் சராசரி ஆட்டத்துக்கு 100 யார்டைத் தாண்டியவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். 30 வயதில், இங்கிலாந்தில் ஒரு படப்பிடிப்பில் இருந்தபோது, பயிற்சி முகாமுக்கு வராவிட்டால் அபராதம் என்று அணி முதலாளி மிரட்ட, சரி, நான் ஓய்வு பெறுகிறேன் என்று சொல்லிவிட்டார். உச்சத்தில் இருக்கும்போதே எழுந்து போய்விட்ட ஆள்.

1964 டிசம்பர் 27 அன்று நடந்த சாம்பியன்ஷிப் ஆட்டத்தைப் பெரியவர் தன் அப்பாவோடு நேரில் பார்த்திருக்கிறார். ஏரியிலிருந்து அடித்த காற்றில் கால் விரல்கள் மரத்துப்போனதாம். பால்டிமோர் கோல்ட்ஸை கிளீவ்லண்ட் 27-0 என்று தோற்கடித்தது. பிரவுன் 114 யார்டு ஓடினார். டச் டவுன் (பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டுவது) மூன்றும் பந்தைப் பிடித்த வேறொருவர் அடித்தது. அதைச் சொன்னால் மட்டும் பெரியவர் காது கேளாதவர் ஆகிவிடுவார்.

என் மகன் போனை எடுத்துக் கணக்குப் போட்டான். பிரவுன் வந்தபோது சீசனுக்கு 12 ஆட்டம், 1961இலிருந்து 14. இப்போது 17. 9 சீசனும் 17 ஆட்டமாக இருந்திருந்தால் 153 ஆட்டம். அதே சராசரியில் 15,958 யார்டு. "பார்த்தாயா!" என்று பெரியவர் துள்ளினார். "இருங்க, முடிக்கலை" என்றான் மகன். பிரவுனின் எடை 232 பவுண்டு. அவரைத் தடுக்க நின்ற முன்வரிசை ஆட்களில் பலர் அவரைவிட ஒரு சுற்றுதான் பெரியவர்கள். இன்றைக்கு அந்த இடத்தில் 300 பவுண்டுக்காரர்கள் நிற்கிறார்கள். அவர்களை இடித்துக்கொண்டு போகிற டெரிக் ஹென்றிதான் இவன் கட்சி. 6 அடிக்கு மேல் உயரம், ஏறக்குறைய 250 பவுண்டு, அந்த உடம்போடு 99 யார்டு ஓடி டச் டவுன் அடித்தவர். 2020இல் 2,027 யார்டு. முப்பது வயதானால் ரன்னிங் பேக்கின் கதை முடிந்தது என்பார்கள். ஹென்றி 30 வயதில், 2024இல், 1,921 யார்டு ஓடினார்.

"ஒரு கையில் எதிராளியின் தலையைப் பிடித்துத் தள்ளிவிட்டு ஓடுகிறார். அதில் என்ன கலை இருக்கிறது?" என்று பெரியவர் கேட்டார். இத்தனை நேரம் ஜிம் பிரவுனுக்காக வாதாடிய மனிதர்.

இனி என் கதை.

1997 அக்டோபரில் வேலைக்காக மிச்சிகன் வந்தேன். அடுத்த மாதமே தேங்க்ஸ்கிவிங். கூட வேலை பார்த்தவர் ஒருவர் பாவம் பார்த்து வீட்டுக்குக் கூப்பிட்டார். அடித்தளத்து அறையில் ஒரு பெரிய டிவி. லயன்ஸுக்கும் சிகாகோ பேர்ஸுக்கும் ஆட்டம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு பக்கமும் ஆட்கள் மோதி விழுந்தார்கள், விசில் அடித்தார்கள், எழுந்தார்கள், மறுபடி விழுந்தார்கள். இதை எதற்கு மூன்று மணி நேரம் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது, 20ஆம் எண் போட்ட ஒரு குள்ளமான ஆள் பந்தை வாங்கினார்.

வாங்கிய இடத்திலேயே வழி அடைபட்டுவிட்டது. அப்படியே நின்றார். ஒருவன் பாய்ந்து காலைப் பிடிக்க வர, அந்தக் கால் அங்கே இல்லை. முதுகைக் காட்டித் திரும்பினார், பின்னாலேயே போனார், போச்சு என்று நான் நினைத்தபோது அந்தக் கூட்டத்துக்கு மறுபக்கத்தில் இருந்தார். இது எனக்குத் தெரிந்த ஆட்டம். சடுகுடு! பாடிப் போகிறவன் கோட்டைத் தொடாமல் உடம்பை மட்டும் அசைத்து நாலு பேரை நாலு திசையில் விழவைப்பான் இல்லையா, அதே வித்தை. பெயர் பாரி சாண்டர்ஸ் என்றார் நண்பர். அன்றைக்கு 167 யார்டு, மூன்று டச் டவுன். 55-20 என்று லயன்ஸ் ஜெயித்தது. டச் டவுன் அடித்ததும் ஆட்டமில்லை, கத்தலில்லை. இரவல் வாங்கிய பேனாவைத் திருப்பித் தருவது போலப் பந்தை நடுவர் கையில் கொடுத்துவிட்டு வந்தார். நான் அந்த நிமிடமே விழுந்துவிட்டேன். அந்த சீசனில் அவர் ஓடியது 2,053 யார்டு, அதுவும் தொடர்ந்து 14 ஆட்டங்களில் 100 யார்டைத் தாண்டி.

அடுத்த பதினைந்து வருடத்துக்கு என் பதில் பாரி மட்டும்தான். என் வாதம் இது. அதிக யார்டு ஓடியவர் பட்டியலில் முதலிடம் டாலஸ் கௌபாய்ஸின் எம்மிட் ஸ்மித், 18,355. ஆனால் அதற்கு 4,409 தடவை பந்தை வாங்கியிருக்கிறார். பாரி 3,062 தடவையிலேயே 15,269. எம்மிட்டுக்குக் கிடைத்த அத்தனை வாய்ப்பும் பாரிக்குக் கிடைத்திருந்தால் கணக்கு 22 ஆயிரத்தை ஒட்டும். எம்மிட்டுக்கு முன்னால், எதிராளிகளைத் தள்ளி வழி திறந்துவிட, லீக்கின் தலைசிறந்த தடுப்பு வரிசை நின்றது. பாரிக்கு முன்னால் நின்றவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. இந்த ஊரில் குடியிருக்க வேண்டும்.

பாரியின் மறுபக்கமும் உண்டு. 1994 டிசம்பர் 31, கிரீன் பேயில் பிளேஆஃப் ஆட்டம், அதாவது தோற்றால் வெளியே என்கிற சுற்று. 13 தடவை ஓடினார். மொத்தம் கழித்தல் 1 யார்டு. ஆமாம், கழித்தல். பாரி சாண்டர்ஸைப் பின்னாலேயே தள்ளி நிறுத்திவிட்டார்கள். நாலு யார்டு எடுத்துக்கொண்டு விழ வேண்டிய இடத்தில் நாற்பதுக்கு ஆசைப்பட்டு, மூன்றை இழப்பார். அந்த நாற்பது வரும்போது எல்லாம் மன்னிக்கப்படும். வராத நாளில் குவார்ட்டர்பேக் தலையில் கை வைத்துக்கொள்வார்.

பாரி பற்றி என் மகனுக்கும் பிடித்த கதை ஒன்று இருக்கிறது. 1989, அவருடைய முதல் சீசனின் கடைசி ஆட்டம். அணி ஜெயித்துக்கொண்டிருக்கிறது. இன்னும் 11 யார்டு ஓடினால் லீக்கிலேயே முதலிடம், உள்ளே போகிறாயா என்று கேட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்றுவிட்டார். 1,480க்கு 1,470 என்று இரண்டாமிடத்தில் முடித்தார். இதோடு சேர்த்து 2024இல் பிலடெல்பியாவின் சேக்வான் பார்க்லியைப் பார்க்கலாம். 2,005 யார்டு ஓடியாகிவிட்டது. இன்னும் 101 ஓடினால் எரிக் டிக்கர்சன் 1984இல் வைத்த 2,105 என்ற சாதனை காலி. கடைசி ஆட்டத்தில் அவரை உட்கார வைத்தார்கள், பிளேஆஃபுக்கு உடம்பு வேண்டுமே என்று. அடுத்த மாதம் சூப்பர் பவுல் என்ற சாம்பியன் பட்டம் கையில். அட்ரியன் பீட்டர்சன் கதை நேர் எதிர்: முழங்கால் கிழிந்து ஒரு வருடம்கூட ஆகாமல் களமிறங்கி, 2012 சீசன் முழுக்க ஆடி 2,097இல் நின்றார். 8 யார்டு. ஒரு ஆள் குப்புற விழுந்து கையை நீட்டினாலே மூன்று யார்டு வரும்.

சரி, நான் எப்படிக் கட்சி மாறினேன் என்பதற்கு வருகிறேன். என் மகன்தான் காரணம்.

அவன் ஹைஸ்கூலில் ஃபுல்பேக்காக ஆடினான். பின்னால் நிற்கும் இரண்டு பேரில் பந்து கிடைக்காதவன் என்று அர்த்தம். ஒரு சீசன் முழுக்க அவன் பந்தைத் தொட்டது 7 தடவை; நான் எண்ணியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி குளிரில் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்து பந்தையே பார்த்தால், என் பிள்ளையை நான் பார்க்கவே முடியாது. அதனால் பந்தை விட்டுவிட்டு அவனை மட்டும் பார்க்கப் பழகினேன். பந்து கைமாறுவதற்குள் அவன் முன்னால் பாய்ந்து ஒருவனை மார்பில் இடித்து ஓரம் கட்டுவான். அந்த இடைவெளியில் இன்னொரு பையன் 30 யார்டு ஓடுவான். பெஞ்சுகள் மொத்தமும் எழுந்து நிற்கும். இவன் கீழே கிடப்பான். குவார்ட்டர்பேக் எறியப் பார்க்கிறார் என்றால், அவரை விழுத்தாட்ட ஓடி வருகிறவனின் குறுக்கே போய் நிற்பதும் இவன் வேலை. தன்னைவிட 40 பவுண்டு கூடுதலான ஒருவன் முழு வேகத்தில் வருவான். இவன் குனிந்து தோளைக் கொடுப்பான். தடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. தவறவிட்டால் எல்லோருக்கும் தெரியும். ஒருநாள் காரில் வரும்போது, "நீ இன்னிக்கு நல்லா ஆடினே" என்றேன். "அப்பா, பிளாக் பண்றவனுக்கு வீடியோவே கிடையாது" என்றான். முகவாயில் பச்சையாக ஒரு புல் ஒட்டியிருந்தது.

அதற்கப்புறம் பழைய ஆட்டங்களைப் போட்டுப் பார்த்தபோதெல்லாம் என் கண் வேறு இடத்துக்குப் போனது. அப்படிப் பார்க்க ஆரம்பித்ததும் ஒரே ஒருவர் மற்ற எல்லோரையும் தாண்டி நின்றார். சிகாகோ பேர்ஸ், எண் 34. வால்டர் பேட்டன்.

அவருடைய முதல் ஆட்டத்தில், 1975இல், 8 தடவை ஓடி எடுத்தது பூஜ்யம். 1987இல் முடிக்கும்போது 16,726. அன்றைக்கு அதுதான் உச்சம். 13 சீசனில் தவறவிட்டது ஒரே ஒரு ஆட்டம். 1977இல் மினசோட்டாவுக்கு எதிராகக் காய்ச்சலோடு இறங்கி 40 தடவை ஓடி 275 யார்டு எடுத்தார்; அந்தச் சாதனை 2000 வரை நின்றது. அத்தனை ஓடியும் ஸ்கோர் 10-7தான். அந்த அணியின் நிலைமை அதிலேயே தெரியும். இதெல்லாம் பந்து கையில் இருக்கும்போது.

பந்து இல்லாதபோது பாருங்கள். 5 அடி 10 அங்குலம், 200 பவுண்டு. எதிரணியின் தற்காப்பில் இரண்டாம் வரிசையில் நிற்கும் லைன்பேக்கர் குவார்ட்டர்பேக்கைக் குறிவைத்து வருகிறார். சில நட்சத்திரங்கள் அந்த நேரத்தில் கையை மட்டும் நீட்டி ஒப்புக்கு ஒரு இடி இடித்துவிட்டு ஒதுங்குவார்கள். பேட்டன் அவரைத் தேடிப்போய் அடிப்பார். கீழே குனிந்து, இடுப்பிலிருந்து எழும்பி, தோளால். வந்தவர் பின்னால் சாய்வார். குவார்ட்டர்பேக் நிதானமாகப் பந்தை எறிவார், கேமரா பந்தின் பின்னாலேயே போய்விடும், பேட்டன் திரையின் ஓரத்தில் பாதி உடம்பாகத் தெரிவார். அந்தப் பாதி உடம்புக்காக நான் ரீவைண்ட் செய்திருக்கிறேன்.

492 பந்துகளைப் பிடித்திருக்கிறார். பந்தை எறிந்தும் 8 டச் டவுன் கொடுத்திருக்கிறார். 1984இல் ஒரு ஆட்டத்தில் ஆள் இல்லாமல் குவார்ட்டர்பேக் இடத்திலேயே நின்றிருக்கிறார். கோட்டுக்கு வெளியே போய்த் தப்பிக்கும் வாய்ப்பு இருந்தாலும் போகமாட்டார். பிடிக்க வருகிறவனை ஒரு இடி இடித்துவிட்டுத்தான் விழுவார். விழுந்த பிறகு, நடுவர் வருவதற்குள் பந்தைக் கையால் இரண்டு அங்குலம் முன்னால் நகர்த்தி வைக்கிற குறும்பும் உண்டு. 16,726இல் அந்த அங்குலங்கள் எத்தனை யார்டு என்று என் மகன் ஒருநாள் கணக்குப் போட்டுச் சொல்வான்.

1986 ஜனவரியில் சூப்பர் பவுல். பேர்ஸ் 46, நியூ இங்கிலாந்து 10. இத்தனை வருடம் அணியைத் தோளில் தூக்கிய பேட்டனுக்கு ஒரு டச் டவுன்கூடக் கிடைக்கவில்லை. கோட்டுக்குப் பக்கத்தில் பந்தை வில்லியம் பெர்ரியிடம் கொடுத்தார்கள். 'ரெஃப்ரிஜிரேட்டர்' என்று செல்லப்பெயர் வைத்திருந்த குண்டு மனிதர், தற்காப்பு ஆட்டக்காரர். பயிற்சியாளர் மைக் டிட்கா அதற்காகப் பிற்பாடு வருத்தப்பட்டார். எதிரணி முழுக்க பேட்டன் மேலேயே கண்ணாக இருந்ததால்தான் மற்றவர்களுக்கு வழி கிடைத்தது என்று நான் சொன்னால், அது அவருக்கு ஆறுதலாக இருந்திருக்காது என்பதும் தெரியும்.

இன்னொன்று. 1999 ஜூலைக் கடைசியில் பாரி சாண்டர்ஸ் தன் சொந்த ஊர்ப் பத்திரிகைக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பிவிட்டு ஓய்வு பெற்றார். பேட்டனின் சாதனைக்கு இன்னும் 1,457 யார்டுதான். அவருக்கு அது ஒரு சீசன் வேலை. அலுவலகத்தில் அன்று யாரும் வேலை செய்யவில்லை. பேட்டன் அப்போது கல்லீரல் நோயில் இருந்தார். நவம்பர் 1 அன்று இறந்துபோனார், ஐம்பதைக்கூட எட்டவில்லை. கண் மூடும்வரை முதலிடம் அவருடையதாகவே இருந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாக நான் சொல்லவில்லை. தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது என்னவோ செய்கிறது, அவ்வளவுதான்.

என் அளவுகோலால் எனக்கே ஒரு சங்கடம் வந்தது. பந்தில்லாத வேலையை வைத்துப் பார்த்தால் இரண்டாவது இடம் எம்மிட் ஸ்மித்துக்குப் போகிறது. கௌபாய்ஸ் ஆள்! குவார்ட்டர்பேக்குக்குக் காவல் நிற்பதில் அவர் கெட்டிக்காரர். 1994 ஜனவரி 2, நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு எதிராகத் தோள் மூட்டு விலகியபின்னும் உள்ளே நின்று, 168 யார்டு ஓடி, 10 பந்து பிடித்து, கூடுதல் நேரத்தில் 16-13 என்று ஜெயிக்கவைத்தார். அதற்கு முன் 1993 சீசன் தொடக்கத்தில் சம்பளத் தகராறில் இரண்டு ஆட்டம் வரவில்லை. அதே வரிசை, அதே குவார்ட்டர்பேக், இரண்டிலும் தோல்வி. வரிசையால்தான் எம்மிட் என்று பதினைந்து வருடம் பேசியவன் நான். பாரி எனக்கு மூன்றாவதாகிவிட்டார். அதை எழுதும்போது ஏதோ துரோகம் செய்கிற மாதிரி இருக்கிறது.

அன்று கராஜில் இதையெல்லாம் சொல்லிவிட்டு, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "ஜிம் பிரவுன் பிளாக் பண்ணவே மாட்டார், அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே" என்றும் சொல்லிவிட்டேன்.

பெரியவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "குதிரையை வண்டியில் பூட்டுவார்களா, வண்டியைத் தள்ளச் சொல்வார்களா? அவருக்குப் பந்தை எடுத்துக்கொண்டு ஓடத்தான் சம்பளம்." அதற்குள் என் மனைவி என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். பேச்சைக் கொஞ்சம் கேட்டுவிட்டு, "பெண்களை அடித்ததாக வழக்கு வந்ததே, அவரா?" என்றாள். கராஜ் அமைதியானது. அதே மனிதர்தான் 1967இல் முகமது அலிக்கு ஆதரவாக விளையாட்டு வீரர்களை கிளீவ்லண்டில் கூட்டியவர் என்றேன். "அதனால்?" என்றாள். யாரிடமும் பதில் இல்லை. கொலை வழக்கில் சிக்கிய ஓ.ஜே. சிம்சன் பெயரை இந்தக் கராஜில் யாரும் எடுப்பதில்லை; 14 ஆட்டத்தில் 2,003 யார்டு ஓடியவர் என்றாலும். அந்த விதியை வைத்தவரே பெரியவர்தான், அதையும் அவளிடம் சொல்லவில்லை.

அவள் போனதும் என் மகன் போனில் ஒரு வீடியோவைத் தேடி எடுத்துப் பெரியவர் மடியில் வைத்தான். பழைய, மங்கலான படம். எறிகிற குவார்ட்டர்பேக், ஓடி வருகிற ஒரு லைன்பேக்கர், குறுக்கே பாய்கிற 34. மொத்தம் ஏழு நொடி. பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "இன்னொரு தடவை போடு" என்றார். போட்டான். இன்னொரு தடவை. லைன்பேக்கர் ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி மல்லாந்து விழுந்துகொண்டிருந்தார்.

"சரி, இரண்டாமிடம் தருகிறேன்" என்றார் பெரியவர். அப்புறம் எழுந்திருக்கப் பார்த்தார். ஒரு கையை நாற்காலியில் ஊன்றினார், கொஞ்சம் நிறுத்தினார். நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். "என்ன வேடிக்கை? இது பிரவுன் இல்லை, நிஜமாகவே முட்டி பிடித்துக்கொண்டது. கை கொடுங்கள்" என்றார்.